நிலவுக்குப் போன ஊரும் கதவடைத்த வீடும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் மாலை ஆறு மணி நான்கு நிமிடத்தில் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவின் தென்பகுதியில் மெல்ல இறங்கி நின்றது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்ற செய்தி அன்றிரவே நம் காணைப் பகுதியின் சிற்றூர்களிலும் பரவிற்று. தென்னக இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன் அவர். விழுப்புரம் இரயில்வே பள்ளியில் படித்து, இயந்திரவியல் பட்டயத்தையும் அதே ஊரில் பெற்றவர். பின்னர்ச் சென்னை, திருச்சி, மீண்டும் சென்னை என்று படிப்படியாக ஏறி முனைவர் பட்டம் வரை சென்றவர். தமிழக அரசு 2023 அக்டோபரில் அளித்த இருபத்தைந்து இலட்ச ரூபாயைத் தாம் பயின்ற கல்வி நிலையங்களுக்கே வழங்கினார். இத்தகைய ஒருவர் நம் மண்ணில் பிறந்தார் என்று மக்கள் மகிழ்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அக்கலம் நிலவில் எதைக் கண்டது? அன்று இனிப்பு வழங்கியவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "கொடி நாட்டினார்கள்" என்பார் ஒருவர். "முதல் நாடு நாம்தான்" என்பார் மற்றொருவர். கண்டதைச் சொல்பவரைக் காண்பது அரிது. செய்தித்தாள்களும் இதற்குத் துணைபோகின்றன. இராக்கெட்டு ஏறிய நாளும் கலம் இறங்கிய நாளும் பெரிய எழுத்தில் வருகின்றன. ஓராண்டு கழித்து ஆய்வின் முடிவு வெளிவரும்போது அது உட்பக்கத்து மூலையில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே கண்டதை முதலில் சொல்லிவிடுவோம். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் என்னும் ஆறு சக்கர ஊர்தி ஏறத்தாழ நூறு மீட்டர் தூரமே ஊர்ந்தது. நம் கோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் தூரம் கூட இல்லை. ஆனால் அதற்குள் 23 இடங்களில் நின்று மண்ணைச் சோதித்தது. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் செய்தளித்த கருவி அது. அதன் முடிவுகள் 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தன. அங்குள்ள மண் பெரும்பாலும் அனார்த்தோசைட்டு என்னும் வெளிறிய பாறை பொடிந்து உண்டானது என்பதே அச்செய்தி. இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நிலவு பிறந்த தொடக்கத்தில், அதாவது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக் குழம்பாகக் கிடந்தது என்றும், அது ஆறியபோது கனத்த கனிமங்கள் அடியில் தங்க, இலேசானவை காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் மேலே மிதந்து இறுகின என்றும் அறிஞர்கள் 1970-இல் கருதினர். 1969-இல் அப்பொல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த சின்னஞ்சிறு வெண்துணுக்குகளைக் கொண்டே இத்துணைப் பெரிய கருத்தை எட்டினார்கள். ஆனால் அப்பொல்லோ கலங்கள் யாவும் நிலவின் நடுப்பகுதியை ஒட்டியே இறங்கின. தெற்கே 69-ஆம் பாகைக்கு அப்பாலும் அந்தப் பாலாடை உண்டா என்பதை மண்ணைத் தொட்டுச் சோதித்தவர் எவருமிலர். விழுப்புரத்துக்காரர் அனுப்பிய ஊர்தி தொட்டுப் பார்த்து, உண்டு என்றது. உடன், எதிர்பார்த்ததினும் மிகுதியான மக்னீசியமும் அம்மண்ணில் தென்பட்டது. அருகிலுள்ள 2,500 கிலோமீட்டர் அகலமான பெரும் பள்ளத்தை ஒரு மோதல் தோண்டியபோது நிலவின் ஆழத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட பொருள் அதில் கலந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதிலே தமிழருக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. கலத்தையும் ஊர்தியையும் இங்கே பழக்கிப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அயல்நாட்டிலிருந்து வாங்கினால் பெரும் பொருட்செலவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் இதே அனார்த்தோசைட்டுப் பாறை கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அதனை இனங்கண்டு தர, பாறை பொடியாக்கப்பட்டுச் சுமார் 50 டன் பெங்களூருக்குச் சென்றது. அதைக் கொண்டு நிலவு மண்ணை ஒத்த மண் செய்யும் முறைக்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் காப்புரிமையும் பெற்றுள்ளது. நிலவில் ஊர்தி ஊர்வதற்கு முன் சித்தம்பூண்டி மண்ணில் சக்கரங்கள் ஓடிப் பழகின. இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் வெடி வெடித்துவிட்டுத் தூங்கப் போனவர்களை நினைத்தால் நமக்கு இரக்கமே உண்டாகிறது.

இன்னும் ஒன்று. கலத்தில் இருந்த வெப்பமானி நிலவு மண்ணுக்குள் பத்துச் செண்டிமீட்டர் வரை இறங்கிற்று. மேலே 50 பாகையைக் கடந்த வெப்பம். அரைச் சாணுக்கும் குறைவான ஆழத்தில், எட்டுச் செண்டிமீட்டரில், சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிர். நிலவின் புழுதி வெப்பத்தை அவ்வளவு அரிதாகவே உள்ளே விடுகிறது. 2008-இல் சென்ற சந்திரயான்-1, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை வழிநடத்தியது. நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயத்தைக் காட்டியது. அது 2009-இல் உலகறிந்த செய்தி. 2024 ஜூனில் சீனர் நிலவின் மறுபக்கத்திலிருந்து இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மண்ணை முதன்முறையாகக் கொண்டுவந்தனர். நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த வட்டத்தைப் பற்றிய அறிவு நம் காலத்தில் இப்படி வளர்கிறது.

இனி எதிர்வாதங்கள். "பசித்தவன் இருக்க நிலவு எதற்கு?" என்பது முதலாவது. அக்கறையோடு கேட்பவர் சிலர். வாய்ப்பழக்கமாகக் கேட்பவர் பலர். சந்திரயான்-3-க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். நாட்டு மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. இன்று அதற்கு ஒரு தேநீர் கூடக் கிடைக்காது. ஏழையின் பெயரால் நிலவைப் பழிப்பவர், தம் ஊர்த் திருவிழாவில் கால் மணி நேரத்தில் புகையாகிப் போகும் வாணவேடிக்கையைப் பற்றி ஒருநாளும் இக்கேள்வியைக் கேட்டதாக நாம் அறியோம். இதற்கு மேல் இங்கு நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கடுமையானது; ஏனெனில் அது பக்தியின் உடை அணிந்து வருகிறது. கைப்பேசி வழியே இரவும் பகலும் பொழியப்படும் போதனைகளை நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் கேட்கின்றன. நிலவில் நீர் இருப்பதை மறைநூல் முன்னமே சொல்லிவிட்டது என்பார் ஒரு போதகர். உலகம் பிறந்து ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்பார் மற்றவர். மனிதன் நிலவுக்குப் போனதே பொய் என்பார் மூன்றாமவர். இம்மூன்றாமவருக்கு மறுமொழி எளிது: அப்பொல்லோ வீரர்கள் அங்கே வைத்துவந்த எதிரொளிப்பான்கள்மீது இன்றும் லேசர் ஒளியைப் பாய்ச்சித் தூரம் அளக்கிறார்கள், நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செண்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்வது அப்படித்தான் தெரிந்தது. நம் நாட்டுச் சந்திரயான்-2 சுற்றுகலனே அப்பொல்லோ 11 இறங்கிய இடத்தைப் படம் பிடித்திருக்கிறது.

ஆறாயிரம் ஆண்டுக் கணக்கருக்கு நாம் விழுப்புரம் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் பேருந்து ஏறினால் போதும். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பட்டையின் வரியும் கணுவும் தெரியும், தட்டினால் கல். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை என்கின்றனர் வல்லுநர். அந்த மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு, ஆறாயிரம் ஆண்டு என்று சொல்ல எவருக்கு நாவெழும்?

'மறைநூல் முன்பே சொன்னது' என்பவரோ சற்றுக் கூடுதலாக மதிக்கப்படுகிறார், மறைநூலுக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றுவதால். உண்மையில் அவர் சேர்ப்பது சிறுமை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடக்கநூலுக்கு விளக்கம் எழுதிய புனித அகுஸ்தினார் இதைக் குறித்தே எச்சரித்தார்: வானையும் விண்மீன்களையும் கிரகணங்களையும் பற்றிப் பிற மதத்தவர் ஆய்ந்து அறிந்திருக்கையில், கிறிஸ்தவர் ஒருவர் திருநூலின் பெயரால் அபத்தம் பேசினால், கேட்பவர் நகைப்பர், நகைத்தவர் உயிர்ப்பைப் பற்றி அதே நூல் சொல்வதை எவ்வாறு நம்புவர் என்பது அவர் கவலை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகியும் அக்கவலை தீர்ந்தபாடில்லை.

நம் காலத்துக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்து வருகிறது என்பதை முதலில் கணித்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஜார்ஜ் லெமேத்தர், பெல்ஜிய நாட்டவர். அவர் ஒரு மறைமாவட்டக் குரு என்பதை நம்மைப் போன்ற மறைமாவட்டக் குருக்கள் சற்றே நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தமது உரையொன்றில் அக்கோட்பாட்டைப் படைப்பு பற்றிய திருச்சபைப் போதனைக்கு ஏறத்தாழச் சான்று போலவே எடுத்துரைத்தார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்தர். அவர் மகிழவில்லை. அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது. அறிவியலையும் விசுவாசத்தைத் தாங்கும் முட்டாக்கக் கூடாது என்பது அவர் நிலை. அவர் தம் கருத்தை உரியவர்களிடம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு வானியலாளர் மாநாட்டினரிடம் பேசிய திருத்தந்தை அவ்வொப்பீட்டைத் தொடவில்லை. கண்டுபிடித்தவரே வேண்டாம் என்றதை நம் கைப்பேசிப் போதகர்கள் கடன் வாங்கிக் கொண்டாடுகின்றனர்!

'இரு பெரும் சுடர்கள்' என்று தொடக்கநூல் ஞாயிற்றையும் திங்களையும் குறிப்பதை எடுத்துக்கொள்வோம். நிலவுக்குத் தன்னொளி இல்லை. அதன் தரை உண்மையில் நம் தார்ச்சாலையைப் போன்று கருமையானது; தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கையே திருப்பியனுப்புகிறது. இதனால் தொடக்கநூல் பொய்யாகிவிட்டதா? ஞாயிறும் திங்களும் தெய்வங்களாக வணங்கப்பட்ட நாட்டில், அவை ஏற்றிவைக்கப்பட்ட விளக்குகளே என்று உரைத்த நூல் அது. எந்த வகை எழுத்து என்று பார்த்துப் படியுங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. அதைப் படியாதவர்க்கே விண்கலங்களைத் திருவசனங்களுக்குள் தேடும் வேலை.

நம்முள் கற்றவர்கள் செய்யும் ஒன்றையும் சொல்ல வேண்டும். "திருச்சபை அறிவியலுக்குப் பகை" என்று எவரேனும் சொன்னால் உடனே ஒரு பட்டியலைத் தாயத்துப்போல் எடுத்து நீட்டுகின்றனர்: கிளாவியுஸ், மெண்டல், லெமேத்தர். பட்டியல் மெய்தான். ஆனால் 1633-இல் கலிலேயோவுக்கு வழங்கிய தீர்ப்பும் மெய். அதில் நேர்ந்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக எடுத்துரைக்க 1992 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1651-இல் நிலவின் வரைபடத்தை வெளியிட்ட இயேசு சபைக் குரு ரிச்சியோலியைப் பாருங்கள். கோப்பர்நிக்கசின் கருத்தைத் தம் நூலில் அவர் ஏற்கவில்லை. ஆயினும் நிலவின் மிக அழகிய பள்ளங்களுள் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸ் பெயரையே இட்டார். அப்பொல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலுக்கும் பெயர் தந்தவர் அவரே. இவ்வளவு சிக்கலான, இவ்வளவு சுவையான வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாக உலர்த்திவிடுகிறோமே என்பதே நம் ஆதங்கம்.

உள்ளூர்ச் செய்தியோ பட்டியலில் ஏறுவதே இல்லை. 1689 டிசம்பரில் நம் புதுச்சேரியில் இயேசு சபைக் குரு ழான் ரிஷோ வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். தென்வானத்தில் பளிச்சிடும் ஆல்பா செந்தாரி விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போது அவர் கண்ணில் பட்டது. காணையிலிருந்து ஒரு மணிப் பயணத்தில் இருக்கும் ஊர். நம் மறைக்கல்வி மாணவர் எவராவது கேள்விப்பட்டிருப்பரா? இதே கடற்கரையின் மறுபுறம், கேரளத்துத் தும்பாவில், 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் ஏவுதளத்துக்கு இடம் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களிடம் எடுத்துச் சொல்லிப் புனித மகதலா மரியா ஆலயத்தையே கொடுத்தார். மீனவக் குடும்பங்கள் தங்கள் குடியிருப்பைவிட்டு நகர்ந்தன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் இராக்கெட்டு எழுந்தது. விக்ரம் கலத்தின் பெயரில் சாராபாய் நிற்கிறார். இடம்பெயர்ந்த வலைக்காரர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது, எதற்காக இந்தப் பேனாவை எடுத்தோமோ அதற்கு வருகிறோம்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திரகிரகணம். மறுநாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் சென்றவர்களின் தலைக்குமேல் பதினொரு மணியளவில் தொடங்கி 82 நிமிடம் நிலவு செம்பாய் நின்றது. பூமியின் நிழலுக்குள் நிலவு புகுகிறது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்தனுப்பும் செவ்வொளி மட்டும் அதன்மேல் விழுகிறது. அந்நேரத்தில் பூமிப்பந்தின் விளிம்பெங்கும் எத்தனை விடியலும் எத்தனை அந்தியும் உண்டோ, அத்தனையின் சிவப்பும் அங்கே போய்ச் சேருகிறது. கண்ணாடி வேண்டாம், கருவி வேண்டாம். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பார்த்திருக்கலாம். நாம் அறிந்த கத்தோலிக்க வீடுகளிலோ அன்று கதவும் சன்னலும் அடைபட்டிருந்தன. கருவுற்ற மகள்மாரை உள்ளே படுக்க வைத்தனர்; புழுக்கத்திலும் ஒருவாய்த் தண்ணீர் தரவில்லை. சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். அதன்கீழ் இராகுவுக்கு அஞ்சிய குடும்பம்.

"பெரியவர்கள் சொன்ன வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பர் இளகிய மனத்தினர். இருந்துவிட்டுப் போவதில்லை, அதுதான் கேடு. உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "கிரகணத்தன்று வெளியே வந்தாய், காய் நறுக்கினாய்" என்று தாயின் தலையில் பழி விழுகிறது. கருவில் முகம் உருவாகும் தொடக்க வாரங்களில் இரு பக்கமும் ஒன்றுகூடாமல் போவதால் நேரும் குறை அது. மரபும் ஊட்டக்குறைவும் புகையும் சில மருந்துகளும் காரணமாகலாம். நிலவுக்கு அதில் பங்கில்லை. அறுவையால் சீராக்கவும் முடியும். ஆனால் மாமியார் வாயிலிருந்து விழுந்த அச்சொல்லைச் சீராக்க எந்த மருத்துவமனையில் முடியும்? அந்தப் பழியைச் சுமந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரும் பெண், செய்யாத பாவத்தைச் சொல்லி அழுகிறாள். அவளுக்கு நாம் வானியல் சொல்ல நேரிடுகிறது. அது அருள்பணியின் ஒரு கூறே என்பதில் நமக்கு ஐயமில்லை.

கிரகணத்தை அஞ்சுவது தமிழர் மரபு என்றும் சொல்லிவிட முடியாது. 1768-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, ஏட்டையும் கருவியையும் விடுத்துச் சோழிகளை வைத்தே கிரகணத்தைக் கணிக்கும் தமிழ்க் கணிதரைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30-இன் சந்திரகிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடியே பிழைத்தது. அந்நாளைய ஐரோப்பியரின் சிறந்த அட்டவணை 68 வினாடி பிழைத்தது. வினாடியைப் பிடித்த மரபு அது. அதன் கணக்கை மறந்து அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் 'மரபு' என்று பேசலாமா?

கிறிஸ்தவ மரபு என்ன சொல்கிறது? உயிர்ப்புப் பெருவிழாவின் நாளையே நாம் நிலவைப் பார்த்துக் குறிக்கிறோம். மார்ச் 21-இலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு அது. ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது கவிந்த இருளைச் சூரியகிரகணம் என்று சிலர் விளக்கியபோது, மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் அதை மறுத்தார். பாஸ்கா முழுநிலவில் வருவது. சூரியகிரகணம் அமாவாசையில் மட்டுமே நேர்வது. ஆகவே பொருந்தாது என்றார். தமக்குச் சாதகமான விளக்கத்தையும் கணக்குத் தவறு என்று தள்ளிய கிறிஸ்தவர் அவர்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்புவதைத் தோல்வியாக எண்ணுவோர் நம் ஊர்களில் மிகுதி. மல்லாட்டைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்யும் வீட்டுப் பெண்பிள்ளை பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவைக் கேட்டால், "நமக்கேன் அது" என்று தடுப்போரும் உண்டு. வீரமுத்துவேலின் படத்தைக் கைப்பேசியில் பரப்பியவர்களும் இவர்களே. சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் மு. வனிதா ஒரு தமிழ்ப் பெண். ஞாயிற்றை ஆராயும் ஆதித்யா-எல்1-இன் திட்ட இயக்குநர் நிகர் சாஜி செங்கோட்டையில் பிறந்தவர்.

பங்குப் பேரவைகளுக்கும் அன்பியங்களுக்கும் நம் வேண்டுகோள் இது. மறைநூல் வினாடிவினாவுக்குப் பரிசு வாங்கும் தொகையோடு சிறிது சேர்த்து ஒரு நல்ல இருகண் தொலைநோக்கி வாங்குங்கள். திருவக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திரகிரகணம் வருகிறது. பத்து மணிக்குச் சற்று முன் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலவு முழுமையாகச் சிவந்திருக்கும். ஆண்டிறுதி நன்றி வழிபாட்டுக்கு எப்படியும் கோயிலுக்கு வருவீர்கள். அன்று ஒன்பதரைக்கே வந்துவிடுங்கள். மைதானத்து விளக்குகளை அணைத்து வைக்கிறோம். கருவுற்ற பெண்களுக்கு முன்வரிசையில் நாற்காலியும், குடிக்கத் தண்ணீரும் இருக்கும்.